இரண்டு பாயின்ட்டுக்கு நடுவில்

2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ரோஜர் ஃபெடரர் எடுத்தது 218 பாயின்ட். நோவாக் ஜோகோவிச் எடுத்தது 204. எதிராளியால் தொடவே முடியாத 'ஏஸ்' சர்வீஸ்கள் ஃபெடரருக்கு 25, ஜோகோவிச்சுக்கு 10. டென்னிஸே பார்த்திராத ஒருவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி யார் ஜெயித்திருப்பார் என்று கேட்டால், யோசிக்காமல் ஃபெடரர் என்பார். ஜெயித்தது ஜோகோவிச். 4 மணி 57 நிமிடம் ஆடி, ஐந்தாவது செட்டில் 13-12.

இப்படி ஓர் ஆட்டம் முடிந்ததும் வர்ணனையாளர்கள் வாயில் முதலில் வருவது 'மன உறுதி' என்ற சொல். கொஞ்ச நேரத்தில் அது நெஞ்சுரம், குணம், சாம்பியன் ரத்தம் என்று வளர்ந்துகொண்டே போகும். நள்ளிரவில் டிவி முன்னால் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் நமக்கும் அது சரி என்றே படும். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது நிறுத்திக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பயமே வராத மனசா? கோபமே வராத மனசா? கூடவே பிறந்ததா, பழகிக்கொண்டதா? புதிதாக டென்னிஸ் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஸ்கோர்

டென்னிஸில் மனசுக்கு ஏன் இவ்வளவு வேலை என்று தெரிய வேண்டுமானால், ஸ்கோர் எண்ணும் முறை தெரிந்தால் போதும். நான்கு பாயின்ட் எடுத்தால் ஒரு கேம். ஆனால் எதிராளியைவிட இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். அங்கேயும் இரண்டு வித்தியாசம் வேண்டும், 6-6 என்று முட்டிக்கொண்டால் டை-பிரேக், அதாவது அந்த செட்டை முடிவு செய்ய ஒரே ஒரு நீண்ட கேம். ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஆண்கள் மூன்று செட் எடுக்க வேண்டும், பெண்கள் இரண்டு. பாயின்ட்களை 15, 30, 40 என்று ஏன் எண்ணுகிறார்கள் என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கேம் முடிந்ததும் அதில் எடுத்த பாயின்ட் எல்லாம் அழிந்துவிடும். செட் முடிந்ததும் கேம்கள் அழிந்துவிடும். 6-1 என்று நொறுக்கி எடுத்தாலும் ஒரு செட்தான், டை-பிரேக்கில் மூச்சு வாங்கி எடுத்தாலும் ஒரு செட்தான். அந்த விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்த செட்கள் 6-1, 6-4. ஜோகோவிச் எடுத்த மூன்றுமே டை-பிரேக்கில் (அந்த ஆண்டு விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு மட்டும் டை-பிரேக் 12-12-இல்தான் வந்தது). ஆக, எல்லாப் பாயின்ட்டுக்கும் ஒரே விலை கிடையாது. சில பாயின்ட் ஒரு ரூபாய் பெறும், சில பாயின்ட் ஆயிரம் ரூபாய் பெறும். ஆயிரம் ரூபாய்ப் பாயின்ட் எப்போது வருகிறது என்பது கோர்ட்டில் நிற்கும் இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி உட்கார்ந்திருக்கும் 15,000 பேருக்கும் தெரியும். கை நடுங்குவது அப்போதுதான்.

அப்புறம், டென்னிஸில் கடிகாரம் பார்த்து ஆட்டம் முடிவதில்லை. கபடியில் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடத்தில் ரெய்டு போய், கோட்டைத் தாண்டினோம் என்று பெயர் பண்ணிவிட்டு, நேரத்தைக் கரைத்துத் திரும்பிவிடலாம். டென்னிஸில் முன்னிலையைப் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார வழியே இல்லை. கடைசிப் பாயின்ட்டை அடித்து எடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். பின்தங்கியவருக்கு இது வரம், முந்தியிருப்பவருக்குச் சாபம். 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டி (நாடுகள் மோதும் அணிப் போட்டி, மொத்தம் ஐந்து ஆட்டம்) 2-2 என்று நின்றபோது, முடிவைச் சொல்லும் ஆட்டம் சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் கையில் வந்தது. எதிரே தாமஸ் கோக். கிருஷ்ணன் ஒன்றுக்கு இரண்டு என்று செட்டில் பின்தங்கி, நான்காவதில் 2-5. கோக்குக்கு இன்னும் ஒரே ஒரு கேம் போதும். வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் கூட்டம் கிளம்பியிருக்கும். கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது.

இத்தனைக்கும் கோர்ட்டில் நிற்பவர் தனி ஆள். மாற்று ஆட்டக்காரர் கிடையாது, சரியாக ஆடவில்லை என்றால் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காரவும் முடியாது. கேலரியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்வதையே கிராண்ட் ஸ்லாம்களில் பல காலம் தடை செய்திருந்தார்கள். அண்மையில்தான் அது தளர்ந்தது.

நூறுக்கு 54

2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரர் பேசினார். 1,526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடி, கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர் அவர். அதில் எத்தனை சதவீதப் பாயின்ட் எடுத்திருப்பேன் என்று மாணவர்களைக் கேட்டுவிட்டு, அவரே பதிலையும் சொன்னார்: 54.

இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. டென்னிஸ் கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், நூறு பாயின்ட்டில் 46-ஐத் தோற்றிருக்கிறார். ஓர் ஆட்டத்தில் 200 பாயின்ட் வந்தால் 90-க்கு மேல் கைவிட்டுப் போயிருக்கிறது. இழந்த ஒவ்வொன்றுக்கும் நொந்துகொண்டிருந்தால் ஒரு செட்கூடத் தாங்காது. ஆடும்போது அந்தப் பாயின்ட்தான் உலகிலேயே முக்கியம், முடிந்த பிறகு அது முடிந்த கதை என்று அவர் அந்த மாணவர்களுக்கு விளக்கினார். மன உறுதி என்பதன் கரு இதுதான் என்று எனக்குப் படுகிறது: தோற்ற பாயின்ட்டை அடுத்த பாயின்ட்டுக்குச் சுமந்துகொண்டு போகாத பழக்கம். கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. ஐந்து மணி நேரம், நானூறு தடவை, பல்லாயிரம் பேர் பார்க்க அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

கல் மனசு

மன உறுதி உள்ளவர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது கல் போன்ற ஓர் ஆள். எதற்கும் அசையமாட்டார், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தத் துறையில் பலரும் முதலில் சொல்லும் பெயர் ஜோகோவிச், அவரோ கோர்ட்டில் கத்துவார், தன் ஆட்களைப் பார்த்துத் திட்டுவார், ராக்கெட்டை உடைப்பார். 2020 யுஎஸ் ஓபனில் எரிச்சலில் அவர் பின்னால் தட்டிவிட்ட பந்து கோட்டு நடுவர் ஒருவரின் தொண்டையில் பட்டு, போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அதே யுஎஸ் ஓபன் இறுதியில், மெத்வதேவிடம் தோற்கும் தறுவாயில், இடைவேளையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

2023-இல் ஒரு டிவி பேட்டியில் அவரே இதைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. சந்தேகமும் பயமும் தனக்கும் வரும், ஆனால் அதிலேயே ரொம்ப நேரம் தங்கிவிடுவதில்லை, கத்தித் தீர்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்பது அவர் விளக்கம். மன உறுதி ஏதோ வரமாகக் கிடைத்தது என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொள்வதில்லை, அது பயிற்சியால் வந்தது என்கிறார். 2019 இறுதியில் கூட்டம் முழுவதும் "ரோஜர், ரோஜர்" என்று கத்தியபோது, அதை "நோவாக்" என்று தன் காதில் மாற்றிக் கேட்டுக்கொண்டதாக ஆட்டம் முடிந்ததும் சொன்னார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓர் உத்தி. பழகிப் பழகி வைத்திருக்கும் உத்தி.

மன உறுதி வேறு, நல்ல குணம் வேறு. நாம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ரஃபேல் நடால் தன் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் கோபத்தில் ஒரு ராக்கெட்டைக்கூட உடைத்ததில்லை. சின்ன வயதில் பயிற்சி கொடுத்த சித்தப்பா டோனி அதை அனுமதித்ததே இல்லை. அது வளர்ப்பு, பண்பு, பாராட்ட வேண்டியது. ஆனால் ராக்கெட்டை உடைக்கும் ஜோகோவிச்சும், உடைக்காத நடாலும் பின்தங்கிய ஆட்டத்தை மீட்பதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. 24 கிராண்ட் ஸ்லாம், 22 கிராண்ட் ஸ்லாம்.

ஃபெடரரின் கதை இன்னும் சுவாரசியம். அமைதிக்கு உதாரணமாக நாம் காட்டும் ஃபெடரர், இளவயதில் ராக்கெட்டை எறிந்தவர், கோர்ட்டில் புலம்பியவர். இத்தாலி ஓபனில் ஓர் எதிராளி, முதல் இரண்டு மணி நேரம் ஃபெடரர் கைதான் ஓங்கியிருக்கும், அதற்குப் பிறகு ஆட்டம் என்னுடையது என்று வெளிப்படையாகவே சொன்னாராம். டார்ட்மவுத்தில் ஃபெடரரே சொன்ன கதை இது. பெற்றோரும் பயிற்சியாளர்களும் சொல்லிக்கொண்டிருந்ததை ஓர் எதிராளி சொன்னபோதுதான் உறைத்தது என்றார். நாம் பார்த்த அமைதி, உட்கார்ந்து கட்டிய அமைதி.

25 நொடி

சரி, எங்கே கட்டுகிறார்கள்? பெரும்பாலான பாயின்ட் நான்கு ஷாட்டுக்குள் முடிந்துவிடும். அதற்குள் யோசிக்க நேரமே இல்லை, கையும் காலும் பழக்கத்தில் ஓடும். ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வீஸ் போட 25 நொடி. இரண்டு கேமுக்கு ஒருமுறை பக்கம் மாறும்போது 90 நொடி. ஐந்து மணி நேர ஆட்டத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளிதான். மனசு அலைவதும் இங்கேதான்.

ஜிம் லோர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளுக்கு முன் முன்னணி வீரர்களை உற்றுப் பார்த்தார். பாயின்ட் நடக்கும்போது முதல் நிலைக்காரர்களுக்கும் அடுத்த நிலைக்காரர்களுக்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாயின்ட் முடிந்த பிறகு தெரிந்தது. மேல் நிலைக்காரர்கள் தோற்றாலும் ஜெயித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பி நடந்தார்கள், கண்ணை ராக்கெட் நரம்பிலோ தரையிலோ வைத்தார்கள், மூச்சை இறக்கினார்கள், இதயத் துடிப்பு வேகமாகத் தணிந்தது. பிறகு அடுத்த பாயின்ட்டில் என்ன செய்வது என்று முடிவெடுத்து, பந்தை வழக்கமான எண்ணிக்கையில் தட்டிவிட்டு, சர்வீஸ். 16 நொடிக்குள் செய்து முடிக்கக்கூடிய வரிசையாக லோர் இதை வகுத்துக் கொடுத்தார்.

நடாலின் தண்ணீர் பாட்டில்கள் இப்போது புரியும். நாற்காலி முன்னால் இரண்டு பாட்டிலை, லேபிள் கோர்ட்டைப் பார்க்க, மில்லிமீட்டர் பிசகாமல் வைப்பார். கோட்டை மிதிக்காமல் தாண்டுவார். சர்வீஸுக்கு முன் மூக்கு, காது, முடி என்று தொட்டுத் தொட்டு வைப்பார். பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும், நானே திட்டியிருக்கிறேன். அது மூடநம்பிக்கை இல்லை என்றும், வெளியே ஒழுங்கு இருந்தால் தலைக்குள்ளும் ஒழுங்கு வரும் என்றும் நடால் விளக்கியிருக்கிறார். 25 நொடியைச் சும்மா விட்டால் அதில் பயம் வந்து உட்காரும். அதனால் அவர் அந்த இடத்தை வேலையால் நிரப்பிவிட்டார்.

சொதப்பல்

இதன் மறுபக்கம் 1993 விம்பிள்டன் பெண்கள் இறுதி. செக் வீராங்கனை யானா நொவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1. சர்வீஸும் அவருடையது, 40-30. அந்தப் பாயின்ட்டை எடுத்தால் 5-1, கோப்பையில் பாதிக் கை வைத்தாயிற்று. டபுள் ஃபால்ட். இரண்டு சர்வீஸ் வாய்ப்பும் தவறி, பாயின்ட் கிராஃபுக்கு. அதற்குப் பிறகு அவரால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை. 4-6 என்று தோற்றார். பரிசு வாங்கப் போனவர், பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கெண்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுத படத்தை டென்னிஸ் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? இரண்டு காரியம். ஒன்று உடம்பு: பதற்றத்தில் தசைகள் இறுகும், பிடி இறுகும், மூச்சு மேலே நிற்கும். சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடும் கை ஒரு விரற்கடை பிசகினாலும் பந்து வலையில் விழும். இன்னொன்று கவனம். வாசலில் தினமும் கோலம் போடும் அம்மாவுக்குக் கை தானாக ஓடும். பின்னால் யாராவது நின்று உற்றுப் பார்த்தால், இழை எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும் என்ற யோசனை வந்துவிடும். யோசித்த இடத்தில் கோடு கோணும். பல்லாயிரம் முறை அடித்த சர்வீஸும் இப்படித்தான். 'முழங்கை சரியா, மணிக்கட்டு சரியா' என்று ஆட்டக்காரர் தன்னையே மேற்பார்வை பார்க்கத் தொடங்கும் நொடியில் அது பழக்கம் என்ற நிலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

நொவோட்னாவைப் பலர் 'பலவீனமான மனசு' என்று முத்திரை குத்தினார்கள். அவர் 1997-இல் திரும்பவும் இறுதிக்கு வந்து மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998-இல் மூன்றாவது முறை வந்து ஜெயித்தார். பலவீனமான மனசுக்காரர் அப்படி உடைந்த இடத்துக்கே இரண்டு முறை திரும்பி வருவாரா?

ஸ்கோர் பார்த்துக் குணம் எழுதுவது

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு, ஜெயித்தவருக்கு இரும்பு மனசு என்றும் தோற்றவருக்கு அது இல்லை என்றும் எழுதிவிடுகிறோம். 2025 ஜூன் 8, பிரெஞ்சு ஓபன் இறுதி. யானிக் சின்னர் இரண்டு செட் எடுத்து, நான்காவதில் 5-3. கார்லோஸ் அல்கராஸின் சர்வீஸில் 0-40. சின்னர் கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட், அதாவது ஒன்றை எடுத்தாலே கோப்பை. மூன்றும் போயின. அந்த செட்டும் போனது. 5 மணி 29 நிமிடத்தில் ஆட்டமும் போனது.

சின்னர் நொறுங்கிவிட்டார் என்று சொல்வது சுலபம். ஆனால் ஐந்தாவது செட்டில் அல்கராஸ் 5-4 என்று ஆட்டத்தை முடிக்க சர்வீஸ் போட வந்தபோது, அந்த கேமையே பறித்துத் திரும்பி வந்தவர் இதே சின்னர். மொத்தக் கணக்கில் அவர் எடுத்தது 193 பாயின்ட், அல்கராஸ் 192. 35 நாள் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே இருவர். முதல் செட்டைத் தோற்ற சின்னர் அடுத்த மூன்றையும் எடுத்துக் கோப்பையை வாங்கினார். ஒரு மாதத்தில் ஒருவருடைய குணம் மாறிவிடுமா என்ன?

ஜோகோவிச்சின் பால்யத்தையும் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். 1999-இல் பெல்கிரேடில் நேட்டோ குண்டு போட்ட 78 நாட்களுக்கு நடுவில் பயிற்சி எடுத்த பையன், அதனால்தான் இரும்பு என்பார்கள். அந்த நாட்கள் அவரை உருவாக்கியிருக்கலாம். அதே குண்டுகளுக்கு நடுவில் ஒரு நகரமே இருந்தது, எல்லோரும் விம்பிள்டன் ஜெயித்துவிடவில்லை.

இன்னும் தப்பான கணக்கு, மனநலத்தையும் மன உறுதியையும் ஒன்றாகப் பார்ப்பது. நவோமி ஒசாகா 2021 ஆஸ்திரேலிய ஓபனில் முகுருசாவிடம் தோற்க ஒரே பாயின்ட் என்ற நிலையை இரண்டு முறை தாண்டி வந்து, பட்டத்தையும் ஜெயித்தார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனிலிருந்து விலகியபோது, 2018 முதலே மனச்சோர்வு விட்டு விட்டு வருவதாகச் சொன்னார். அதாவது அவருடைய நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்று, அந்த நோயோடு ஆடி எடுத்தவை. இகா ஷ்வியான்டெக் உளவியலாளர் ஒருவரைத் தன் குழுவிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஆஷ்லி பார்ட்டி 2014-இல் டென்னிஸை விட்டுவிட்டுப் போய் பிரிஸ்பேன் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார், திரும்பி வந்து விம்பிள்டன் ஜெயித்தார், 25 வயதில் முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வும் பெற்றார். உறுதி என்ற சொல்லுக்குள் இத்தனை விதம் அடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அரினா சபலென்கா. 2022 ஜனவரியில் அடிலெய்டில் இரண்டே ஆட்டத்தில் 39 டபுள் ஃபால்ட். ஒரு கட்டத்தில் பந்தை மேலே தூக்கிப் போடவே முடியாமல், கீழிருந்து தட்டி சர்வீஸ் போட்டார். பார்த்த எல்லோரும் மனசுப் பிரச்சினை என்றார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உடலசைவு நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து, சர்வீஸின் அசைவையே பிரித்து மறுபடி கட்டினார். பெரும் பங்கு கோளாறு கையில்தான் இருந்தது! நம்பிக்கை இல்லாத சர்வீஸை வைத்துக்கொண்டு எவ்வளவு மூச்சுப் பயிற்சி செய்தாலும் 40-30-இல் கை நடுங்கத்தான் செய்யும். கூடவே, உளவியலாளரிடம் போவதையும் நிறுத்திவிட்டார். என்னைச் சரிசெய்ய நானேதான் வர வேண்டும் என்று புரிந்தது என்றார். ஷ்வியான்டெக்குக்கு நேர் எதிர் வழி. அவருக்கு அது, இவருக்கு இது.

ஒரு வருடம் கழித்து மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓபன் இறுதி. எதிரே எலெனா ரைபாகினா. முதல் செட்டைத் தோற்று இரண்டாவதை எடுத்து, மூன்றாவதில் 5-4 என்று ஆட்டத்தை முடிக்க சபலென்கா சர்வீஸ் போட வந்தார். முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட். டபுள் ஃபால்ட். அரங்கம் "ஐயோ" என்றது. அவர் திரும்பி நடந்து, மூச்சு விட்டு, மறுபடி கோட்டுக்கு வந்தார். இன்னும் இரண்டு வாய்ப்பு கைநழுவியது. நான்காவதில் ரைபாகினா அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததும், அங்கேயே மல்லாந்து விழுந்து அழுதார்.